கோவிந்தம்மா என்கிற நான்

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். முதலில் அத்தைக்குத் தெரிந்தது. அத்தை வழியாகத் தெருவுக்குத் தெரிந்தது. தெருவிலிருந்து பால் சொசைட்டிக்குப் போய், அங்கிருந்து டீக்கடைக்குப் போய், அப்பாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. நான் தலையைத் துவட்டிக்கொண்டு கொல்லையில் நின்றபோது பக்கத்து வீட்டுப் பையன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"உனுக்குப் பேய் புட்ச்சிக்கிச்சாமே?" என்றான்.

இல்லையே என்றேன்.

"அப்டிதான் சொல்லும்னு எங்கம்மா சொல்லிச்சு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

அதுதான் இந்த விஷயத்தில் இருந்த பெரிய தொல்லை. இல்லை என்று சொன்னால் பேய் பொய் சொல்கிறது. ஆமாம் என்றால் ஒப்புக்கொண்டுவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் அழுத்தக்காரப் பேய். நானோ பிறந்ததிலிருந்தே வாயைத் திறக்க யோசிக்கிறவன். வகுப்பில் வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால்கூட 'உள்ளேன் ஐயா' என்பதை எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொல்வேன். அத்தனை வருஷமும் அதற்குக் கூச்சம் என்று பெயர் இருந்தது. ஒரே மத்தியானத்தில் பெயரை மாற்றிவிட்டார்கள்.

எங்கள் ஊர் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வந்துவிட்டிருந்தன. எங்கள் பக்கம் அப்போதுதான் நிலம் கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். அப்பா எங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த கிணறும் கூடவே போயிற்று. கைக்கு வந்ததில் ஓட்டு வீட்டுக்கு முன்னால் ஒரு கான்கிரீட் அறை எழும்பியது. அதன் தலையில், மேலே மாடி வரும் என்ற நம்பிக்கையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. அந்த அறையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் வாடகைக்கு இருந்தார். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவர். அவர் எப்போது தூங்குவார், எப்போது விழித்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு உழுவதற்கு நிலம் இல்லை. கம்பெனியில் சேர்த்துக்கொள்கிற வயதும் இல்லை. பகலெல்லாம் டீக்கடை, சாயங்காலமானால் வேறு கடை. அங்கிருந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்ததும், குழம்பில் உப்பு சரியில்லை என்பார். உப்பு சரியாக இருந்த நாளிலும் அதைத்தான் சொல்வார். தட்டு பறக்கும். அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போவாள். அப்பா பின்னாலேயே போவார். எங்களுக்கு அது சாயங்கால பஸ் மாதிரி. சில நாள் முன்னே, சில நாள் பின்னே வரும்; வராமல் இருந்ததில்லை. மறுநாள் காலையில் அம்மா கொல்லையைப் பெருக்கும்போது, உடைந்த வளையல் துண்டுகள் குப்பையோடு சேர்ந்து கிணுகிணுவென்று சத்தம் போடும். பிறகு வளையல் போடுவதையே விட்டுவிட்டாள். இதையெல்லாம் யாரும் பேய் என்று சொல்லவில்லை. இதற்குப் பூசாரியைக் கூப்பிட வேண்டும் என்று அத்தைகூடச் சொன்னதில்லை.

நான் ஐந்தாவது முடித்திருந்தேன். ஜூன் மாதம் படப்பைப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர வேண்டும். எனக்குப் படிப்பின் மேல் இருந்த ஆசையைவிடப் பஸ் மேல் இருந்த ஆசை அதிகம். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோனால் போதும். படப்பை என்றால் தினமும் பஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்டக்டரிடம் 'பாஸ்' என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் போதும் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீலக் கால்சட்டை தைத்தாகிவிட்டது. புதுச் செருப்பும் வாங்கியாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும்வரை அதைப் போடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

அதைப் போட்டுக்கொண்டுதான் பொக்லைன் பார்க்கப் போனேன். எங்கள் கிணற்றை அன்றைக்கு மூடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வண்டி கையை நீட்டி மண்ணை வாரி உள்ளே தள்ளத் தள்ள, தண்ணீர் பொங்கி மேலே வழிந்து சுற்றிலும் சேறாகிவிட்டது. நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு மண்மேட்டில் ஏறி நின்றேன். மேடு சரிந்தது. இடுப்புவரை சேற்றுக்குள் போய்விட்டேன். வண்டிக்காரர் திட்டிக்கொண்டே இறங்கி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். நான் வந்தேன். செருப்பு வரவில்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றபோது நல்ல உச்சி வெயில். தலையிலிருந்து கால்வரை சேறு. அடுத்த வீட்டிலிருந்து வந்து அம்மாவோடு புளி ஆய்ந்துகொண்டிருந்த அத்தைதான் முதலில் பார்த்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. பேய் விஷயத்தில் எங்கள் தெருவில் அவள் சொல்வதுதான் முடிவு.

"டேய், இன்னாடா இது கோலம்? எங்க பூட்டு வர?"

நான் ஒரு காலை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டேன்.

"காதுல வுழல? செருப்பு எங்கடா?"

எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு வழியெல்லாம் நடந்தேனோ அதே கேள்வி. அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரை முகட்டைப் பார்த்தேன். அத்தையும் திரும்பிக் கூரை முகட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"இங்க வந்து பாருடி" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "இது நம்ம புள்ள முழியா? எங்கியோ பாத்துகினு கீறான் பாரு. இது இவன் முழி இல்ல."

அதற்குள் பொக்லைன் வண்டியின் கிளீனர், பையன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று பார்க்க வந்தான். நல்ல மனுஷன். வராமலேயே இருந்திருக்கலாம். "கெணத்து மேட்டுல வுழுந்துட்டான்க்கா, ஒண்ணும் ஆவல" என்றான். அத்தையின் முகம் மாறிவிட்டது. "அந்தக் கெணத்துச் சேறா இது?" என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு பேரும் என்னை விட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றார்கள். செருப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாருமே கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்னை முற்றத்தில் மணைபோட்டு உட்கார வைத்தார்கள். தெருப் பெண்கள் சுற்றி நின்றார்கள். முன்னால் பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர். அத்தையின் கையில் வேப்பங்கொத்து. அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் மாதிரி சுவரோரம் நின்றார்.

"யாரு நீ? பேர சொல்லு" என்றாள் அத்தை.

என் பெயரைச் சொன்னேன். வேப்பங்கொத்து தோளில் விழுந்தது.

"அது இந்தப் புள்ள பேரு. உன் பேர சொல்லு."

மறுபடியும் என் பெயரைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? மறுபடியும் அடி. பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்த அத்தை, நான் யார் என்று கேட்கிறாள். சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். இலையாக இருக்கும்வரை வேப்பங்கொத்து அடிப்பது வலிக்காது. இலையெல்லாம் உதிர்ந்து குச்சியானதும் வலிக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "சொல்லாதுடி, கல்லு மாரி கீது பாரு" என்றாள். இன்னொருத்தி, அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருப்பதாகவும் சீக்கிரம் ஆகட்டும் என்றும் சொன்னாள்.

அத்தைக்கு ஒரு பெயர் வேண்டும். கொடுக்காமல் விடமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் கண் சொம்பில் விழுந்தது. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றிலும் அதே பெயர்தான் இருக்கும். எதைக் கண்டாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது அது. ஆயிரம் முறை படித்திருப்பேன். மின்விசிறியில் கம்பெனியின் பெயர் இருக்கும், தகரப் பெட்டியில் கம்பெனியின் பெயர் இருக்கும். இதுவும் பித்தளைப் பாத்திரம் செய்கிற கம்பெனியின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

"மு. கோவிந்தம்மா" என்றேன்.

இதையும் நம்ப மாட்டார்கள், இன்னோர் அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. கூட்டத்தில் யாரோ, "இனிஷியலோட சொல்லுதுடி" என்றார்கள். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவளும் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். பிறகு சொம்பைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வந்துட்டியா" என்றாள் அத்தை. அவள் குரலில் அதட்டல் எல்லாம் போய்விட்டிருந்தது. "இத்தினி வருசம் கழிச்சி வந்துட்டியா."

யார் அந்தக் கோவிந்தம்மா என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் கோவிந்தம்மா என்கிறபோது எனக்கே எதற்குச் சொல்வார்கள்? பக்கத்து வீட்டுப் பையன்தான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். அப்பாவுக்கு அம்மாவுக்கு முன்னால் ஒரு மனைவி இருந்தாளாம். அந்தக் கிணற்றில்தான் செத்துப்போனாளாம். அவள் சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களைத்தான் நாங்கள் புழங்கிக்கொண்டிருக்கிறோமாம்.

"தண்ணி எடுக்கசொல்ல வழுக்கி வுழுந்துட்டாங்கன்னு உங்க அத்த சொல்லும்" என்றான்.

"உங்கம்மா?"

"எங்கம்மா வேற சொல்லிச்சு. இன்னா சொல்லிச்சுன்னு உங்க வூட்ல சொல்லக் கூடாதுன்னும் சொல்லிச்சு."

அவன் அம்மா சொன்னது என்னவென்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இருந்த எரிச்சல் வேறு. நேராக அத்தையிடம் போய், எனக்கு அவளைத் தெரியவே தெரியாது, சொம்பைப் பார்த்துப் படித்தேன், அவ்வளவுதான் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அத்தை கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, அவ பொருள அவளே அடையாளம் கண்டுகினா" என்று அம்மாவிடம் சொன்னாள். "இருந்த எடத்த மண்ணப் போட்டு மூடிட்டானுங்க. எங்க போவா? வாழ்ந்த வூட்டுக்குதான வருவா."

அத்தையோடு பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, "நான் சொம்ப பாத்துதாம்மா சொன்னேன்" என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "தெரியும்" என்றாள்.

தெரியுமா? தெரிந்துமா இத்தனையும் என்று நான் நின்றேன்.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

"அப்ப ஸ்கூலு?"

"பாக்கலாம். போய் தண்ணி எத்துகினு வா."

அன்றைக்கே அந்தச் சொம்பைத் துலக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே, அது ஒரு பேய்க்குக்கூட வரக் கூடாது. காலையில் நான் அம்மாவுக்கு மகன். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும், லேட்டானால் முதுகில் ஒன்று விழும். சாயங்காலம் அப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அம்மாவின் குரல் மாறிவிடும். "அக்கா, கால நீட்டிக்கினு ஒக்காருங்க. சாப்பாடு போட்டுக் கொண்டாரன்" என்பாள். என்னிடம்தான். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. பெற்ற தாய் நம்மை அக்கா என்று கூப்பிட்டு வாங்க போங்க என்று பேசினால் உடம்பெல்லாம் கூசும். முறைத்தேன். நான் முறைக்கிற முறைப்பைப் பார்த்து அப்பா வாசலிலேயே நின்றுவிடுவார்.

அப்பா என்னிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்து, "அது சாப்டுச்சா?" என்பார். "அக்கா சாப்டாம எப்டி, நீங்க ஒக்காருங்க" என்பாள் அம்மா. அப்பா சோற்றைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். அம்மா என் பக்கம் திரும்பி, "உப்பு சரியா கீதாக்கா?" என்று கேட்பாள். நான் எரிச்சலில் தலையை ஆட்டுவேன். உடனே அப்பாவும், "உப்பு சரியாதான் கீது" என்பார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். சாயங்காலக் கடைக்குப் போவதும் குறைந்தது. போனாலும் பொழுதோடு வந்து திருநெல்வேலி அண்ணனின் அறை வாசலில் பாயைப் போட்டுக்கொள்வார். ஒருநாள் படப்பை போய்விட்டு வரும்போது பூப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதில் பாதியைக் கிள்ளித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மீதியை என் காதுக்கு மேல் செருகினாள். பிடுங்கி எறிந்தேன். "அக்காவுக்குக் கோவம் வருது" என்றாள் அப்பாவுக்குக் கேட்கும்படி. அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கினாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில் அம்மா இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டாள். பச்சை வளையல். துணி துவைக்கும்போது கேட்கும், மாவு அரைக்கும்போது கேட்கும். அது உடையவே இல்லை.

ஊரார் தொல்லை தனி. கோலி விளையாட்டில் என்னைத் தோற்கடிக்கப் பையன்கள் பயந்தார்கள். எல்லாக் கோலியும் என் டவுசர் பையில் வந்து சேர்ந்தது. இப்படி ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? தெருப் பெண்கள் காணாமல்போன மூக்குத்தி எங்கே என்று கேட்டார்கள். மகள் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறது, மாமியார் கொடுமை பட்டவள், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். திருநெல்வேலி அண்ணன் படித்தவர், டிப்ளமோக்காரர். அவர் ஒருவராவது சிரிப்பார் என்று நம்பியிருந்தேன். ஷிப்ட் முடித்து வந்த ஒரு மத்தியானம், யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் பயபக்தியாக உட்கார்ந்தார்.

"தப்பா நினைச்சுக்கிடாதீய" என்றார். அக்கா என்பதா, தம்பி என்பதா என்று குழம்பி, இரண்டையும் விட்டுவிட்டார். "ஒரே ஒரு கேள்விதான். இந்த வருசமாச்சும் என்னைய பெர்மனன்ட் ஆக்குவானுவளா?"

"தெரியாது" என்றேன்.

பெருமூச்சு விட்டார். "பேய்க்கே தெரியலன்னா, அந்த சூப்பர்வைசருக்கு எங்க தெரியப் போவுது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பேயை ஓட்டாமல் பள்ளிக்கூடம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். "இத எப்டி பஸ்ஸுல ஏத்தி அனுப்பறது? நடுவுல எறங்கி அந்தக் கெணத்தாண்ட போயிட்டா?" என்று சுவரிடம் கேட்டார். அப்பாவுக்கு என்னைவிட அவசரம். மணிமங்கலம் பக்கத்தில் ஒரு பூசாரி இருக்கிறார், கைராசிக்காரர், நாளைக்கே கூட்டிவருகிறேன் என்பார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். அம்மா உடனே, "அமாவாச போவட்டும்" என்பாள். அமாவாசை போனதும், "கிருத்திக போவட்டும்" என்பாள். கிருத்திகையும் போயிற்று. வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன், இப்போது பூசாரி வரக் கூடாது என்றாள். பேய் ஓட்டுவதற்குக் கூடாத நாட்கள் இத்தனை இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

தனியாக இருக்கும்போது அம்மாவிடம் சண்டை போட்டேன். அழுதேன். நீலக் கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். அம்மா என் இடுப்பில் அதன் கொக்கியைச் சரியாக மாட்டிவிட்டாள். "அளவு நல்லாதான் தெச்சிக்கீறான்" என்றாள்.

கடைசியில் அப்பா யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசாரியைக் கூட்டிவந்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடம். பூசாரி டிவிஎஸ் ஃபிப்டியில் வந்தார். உடுக்கையை வண்டியின் முன்பக்கம் மஞ்சள் பையில் தொங்கவிட்டிருந்தார். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு ஊர் போக வேண்டும் என்றார்.

"எங்க பாத்தாலும் கெணறு மூடறானுங்க" என்று அப்பாவிடம் அலுத்துக்கொண்டார். "எல்லாம் ஊருக்குள்ள வந்துடுது. எனுக்கு ஒரு நாளு லீவு கெடையாது."

அவர் என்னைப் பெயர் கேட்டு அடிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. அத்தையிடம் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார். உடுக்கையைக் கொஞ்ச நேரம் அடித்தார். எலுமிச்சம்பழத்தை என் தலையைச் சுற்றிக் காலடியில் வைத்தார். பிறகு, முறை என்ன என்று எனக்கே விளக்கினார். மூன்று தரம் கேட்பாராம். போகிறேன் என்று நான் என் வாயால் சொன்னால் போதுமாம். உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே மரத்தில் ஆணியடித்துவிடுவாராம். அதோடு சரி.

இவ்வளவுதானா? ஒரு சொல். கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி ஒரே ஒரு சொல். இத்தனை நாள் இவரை வரவிடாமல் செய்த அம்மாவின் மேல் எனக்கு அடங்காத கோபம் வந்தது.

"ஏம்மா கோவிந்தம்மா, போறியா?" என்று முதல் தரம் கேட்டார். உடனே சொன்னால் நம்ப மாட்டார்களோ என்று கொஞ்சம் பிகு செய்தேன். இரண்டாம் தரம் கேட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

மூன்றாம் தரம் கேட்டபோது போறேன் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. நிமிர்ந்தேன். அப்பா எதிரில் நின்று என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார். சாமியின் முன்னால்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால், வாசற்படியில் அம்மா நின்றாள். அப்பா வீட்டில் இருக்கும்போது என்னை அக்காவாகத்தான் பார்ப்பாள். அன்றைக்கு என்னை நானாகப் பார்த்தாள். நான் ஜுரத்தில் கிடக்கும்போது பார்க்கிற பார்வை அது. பிறகு, மற்ற யாருக்கும் தெரியாதபடி, தலையை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை அசைத்தாள். வேண்டாம் என்று.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பவும் அசைக்கவில்லை. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"சொல்லும்மா" என்றார் பூசாரி. அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"போமாட்டேன்" என்றேன்.

ஆத்திரத்தில் என் சொந்தக் குரலிலேயே, தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். நான் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்பாவின் கூப்பிய கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. பூசாரி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி அம்மாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உடுக்கையை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது போற கேசு இல்ல" என்றார் அப்பாவிடம். "வெச்சிக்கினு அனுசரிச்சிப் போ. வூட்ல சண்ட சச்சரவு கூடாது, கை நீட்டற வேல கூடாது. நீ ஒழுங்கா நடந்துகினா அதும் ஒழுங்கா இருக்கும்."

அப்பா தலையாட்டினார். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையன் நீலக் கால்சட்டை போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, பஸ் ஏறப் போனான். வேலிக்கு இந்தப் பக்கம் குடத்தோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கையாட்டினான். நான் ஆட்டவில்லை. அடுத்த வருஷம் சேர்த்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலம் அப்பா வந்து சத்தமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். பிறகு முழுதாக ஓர் அவித்த முட்டையைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் முட்டையை நூல் போட்டுப் பாதியாக வெட்டித்தான் பழக்கம். முழுசாக எனக்கு வைத்தது அதுதான் முதல்முறை. "சாப்புடுங்கக்கா" என்றாள். குரல் சரியாக வரவில்லை. என் தலையைத் தடவினாள். நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

என்னைவிட அந்தச் செத்துப்போன பொம்பளையைத்தான் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த முட்டையை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்துபோனேன்.